எது நல்ல டிஸ்க்

அந்த ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்டண்ணன் என்றால் போதும், வாசல் காவலாளியிலிருந்து மாடியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வரை எல்லோருக்கும் ஆள் விளங்கிவிடும். இத்தனைக்கும் அவர் லிஃப்ட்டை விட்டு இறங்கி வருஷக்கணக்காகிறது.

தானாக ஓடும் லிஃப்ட் வந்தபோது, பொத்தான் அமுக்க இனி ஆள் வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஆளை என்ன செய்வது என்பதை மட்டும் முடிவெடுக்க மறந்துபோனார்கள். கடைசியில் மேனேஜர் தாடையைச் சொறிந்துகொண்டே ஒரு சாவியை நீட்டினார்.

"மேல சர்வர் ரூமைப் பார்த்துக்குங்க. உள்ள ஒரு நாற்காலி போட்டுத் தரச் சொல்றேன். சுவத்துல போன் இருக்கு. ஏதாவது கெட்டுப்போனா சர்வீஸ் கம்பெனியிலிருந்து கூப்பிடுவாங்க. அவங்க சொல்றதை அப்படியே செய்யுங்க, போதும்."

"கெட்டுப்போகலைன்னா, சார்?"

"கெட்டுப்போகலைன்னா என்ன, சும்மா உக்காந்திருங்க. குடுத்து வெச்ச வேலைங்க இது."

குடுத்து வைத்த வேலைதான். ஜன்னல் கிடையாது. இரண்டு ஏசி மாறி மாறி ஓடும். நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் இரைந்துகொண்டிருக்கும் பெட்டி. பெட்டியின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக எட்டு டிஸ்க், ஒவ்வொன்றும் ஒரு சின்ன இழுப்பறை மாதிரி அதனதன் ஸ்லாட்டில் செருகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி, ஒரு பச்சை விளக்கு. அந்தக் கட்டிடத்துக்கு வந்து போன அத்தனை பேருடைய நெஞ்சும் வயிறும் முதுகெலும்பும் படங்களாக அந்த எட்டு டிஸ்க்குகளில்தான் இருந்தன. லிஃப்ட்டண்ணன் அவற்றுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

லிஃப்ட்டில் இருந்தபோது ஆளுக்கு அரை நிமிஷப் பேச்சுதான் வாய்க்கும். ஆனால் அரை அரை நிமிஷமாகவே பொழுது நிரம்பிவிடும். கையில் கவரோடு கீழே ஏறுகிறவர்கள் மூன்றாவது மாடி வருவதற்குள் வயிற்றுவலி, மருமகள், வீட்டு வாடகை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இறங்குவார்கள். திரும்பி இறங்கும்போது சில பேர் சிரித்துக்கொண்டு வருவார்கள், சில பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். இரண்டு பேருக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது ஆள் நிறைந்த பெட்டியிலிருந்து ஆளே இல்லாத பெட்டிக்கு மாற்றலாகியிருந்தார். முதல் சில மாதம் அந்த டிஸ்க்குகளோடு பேசிப் பார்த்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். "என்ன மூணாவது மாடி, எப்படி இருக்கீங்க?" என்று மூன்றாவது டிஸ்க்கைக் கேட்பார். பிறகு அதுவும் சலித்துப்போனது.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவர் ஸ்வெட்டரும் காதுவரை மூடிய குல்லாயுமாகச் சாப்பிட இறங்கி வருவார். "என்னண்ணே, மேல பனி கொட்டுதா?" என்று ஸ்கேன் எடுக்கும் பையன்கள் கேட்பார்கள். அவர் பதிலை யோசித்து வாயைத் திறப்பதற்குள் அவர்களுடைய பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரக்காரர்கள், அவ்வளவுதான். அவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு மேலே போய்விடுவார்.

வீட்டிலும் அதே கதைதான். ஒரு வீட்டின் மேல்தளத்தில் ஒற்றை அறை. கல்யாணம் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் வந்து விலகிப்போனது, அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரிடா, அடுப்புல வேலை இருக்கு, வெக்கிறேன்." முதல் கேள்விக்கு அவர் பதில் சொல்லும்போது அவள் மூன்றாவது வாக்கியத்தில் இருப்பாள். தம்பிமேல் பாசமில்லாதவள் என்று சொல்ல முடியாது. பாசத்தை வாரம் ஒரு தடவை செக் பண்ணிவிட்டு வைத்துவிடுகிறவள்.

இப்படி இருக்கும்போதுதான் சுவரில் இருந்த போன் முதல் தடவை அடித்தது.

எடுத்ததும், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் ஒப்பித்தது. பிறகு ஒரு பெண் பேசினாள். எங்கோ தொலைவில் ஏதோ ஊரில் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, பல இடங்களில் இருக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். மேனேஜர் அவளை "லைன்ல வர்ற பொண்ணு" என்பார். லிஃப்ட்டண்ணனுக்கு அவள் லைன் பொண்ணு ஆனாள்.

"சார், சி டிஸ்க் போயிடுச்சு. அதை மாத்தணும். எந்த ஸ்லாட்ல இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"இங்க சி-யும் இல்ல, டி-யும் இல்லம்மா. எட்டுப் பெட்டி, எட்டு லைட்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறைக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு பொறுமையாக விளக்கினாள். அவளுடைய ஸ்கிரீனில் டிஸ்க்குகளின் பெயர்கள் தெரியும், எது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று தெரியாது. அவருக்கு ஸ்லாட் தெரியும், பெயர் தெரியாது. "என்கிட்ட நம்பர் இருக்கு, உங்ககிட்ட கண்ணு இருக்கு, சார். ரெண்டும் சேர்ந்தாதான் ஆளைப் பிடிக்க முடியும்."

பிடிக்கும் முறையும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் அங்கிருந்து ஒவ்வொரு டிஸ்க்கையும் ஓயாமல் படிக்கச் சொல்வாள். படிக்கிற டிஸ்க்கின் விளக்கு படபடவென்று துடிக்கும். செத்த டிஸ்க் துடிக்காது; சிலது மஞ்சளாக மாறும், சிலது பச்சையாகவே நின்றுவிடும், அதனால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வகுப்பில் எல்லோரையும் பாடச் சொல்லிவிட்டு, வாய் திறக்காதவன் யார் என்று பார்ப்பது மாதிரி. வாய் திறக்காதவனைக் கொக்கியை அமுக்கி வெளியே இழுத்து, உடம்பில் ஒட்டியிருக்கும் நம்பரை வாசித்துக் காட்ட வேண்டும். அவள் ஸ்கிரீனில் இருக்கும் நம்பரோடு அது ஒத்துப்போனால்தான் தூக்கிப்போடலாம்.

லிஃப்ட்டண்ணன் சுறுசுறுப்பான ஆள். அந்த அழைப்பு முடிந்த கையோடு, அவளுக்கு இனிச் சிரமம் வேண்டாம் என்று, மேலிருந்து வரிசையாக ஏ முதல் எச் வரை காகிதத்தில் எழுதி எட்டு டிஸ்க்குக்கும் ஒட்டிவைத்தார். அடுத்த தடவை அவள் கூப்பிட்டு "இ போயிடுச்சு" என்றதும், "இதோ இருக்கு, இழுத்துடட்டுமா?" என்று பெருமையாகக் கேட்டார்.

"இருங்க, இருங்க. எதுக்கும் ஒருதடவை லைட்டைப் பார்த்துடலாம்."

பார்த்தால், பி என்று அவர் ஒட்டியிருந்த டிஸ்க்தான் வாய் திறக்காமல் இருந்தது. லைனில் அவள் மூச்சை இழுத்து விடும் சத்தம் கேட்டது.

"நல்ல வேளை, இழுக்கலைண்ணா. அந்த எழுத்தெல்லாம் சும்மா. மெஷின் தூங்கி எழுந்திருக்கும்போது யார் முதல்ல குரல் குடுக்கறாங்களோ அவங்களுக்கு ஏ, அடுத்தவங்களுக்கு பி. நடுவுல கரன்ட் போயி வந்திருக்கும், எல்லாம் மாறியிருக்கும். ஒவ்வொரு டிஸ்க்கோட பார்ட்டிஷன்லயும், அதான் உள்ள படத்தை எழுதற பகுதியில, நீளமா ஒரு அடையாள நம்பர் எழுதியிருக்கு, அது மாறாது. உடம்புல ஒட்டின நம்பரும் மாறாது. அதை மட்டும்தான் நம்பணும். இந்தப் பெட்டி ஒரு டிஸ்க் போனாத் தாங்கும்ணா. ரெண்டு போனாத் தாங்காது. ஏற்கெனவே ஒண்ணு செத்திருக்கு. நல்லதை ஒண்ணு இழுத்திருந்தீங்கன்னா அத்தனை படமும் போயிருக்கும்."

அத்தனை படமும் போயிருக்கும் என்பதைவிட, சார் அண்ணா ஆனதுதான் அவர் காதில் நின்றது. காகிதங்களைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து பேச்சும் கொஞ்சம் வளர்ந்தது. புது டிஸ்க்கைச் செருகிய பிறகு, மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு அது தன்னை நிரப்பிக்கொள்ள நேரமெடுக்கும். நடுநடுவே அவள் கூப்பிட்டு விளக்குகளை விசாரிப்பாள். விசாரித்துவிட்டு, "சாப்பிட்டீங்களாண்ணா?" என்பாள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பாள். அவளுக்கும் கொஞ்சம் வாய் நீளம்தான். தன் ஆபீஸ் நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்திருப்பதைப் பற்றியும், பக்கத்து மேஜைக்காரன் நாளெல்லாம் மூக்கை உறிஞ்சுவதைப் பற்றியும் சொல்வாள். அவளை மகள் முறையாகவோ தங்கை முறையாகவோ அவர் நினைத்துப் பார்க்கவில்லை. பேச ஓர் ஆள். கேட்க ஓர் ஆள். அதற்கு மேல் என்ன உறவு வேண்டியிருக்கிறது.

ஆனால் டிஸ்க்குகள் லேசில் சாவதில்லை. மாதக்கணக்கில் எட்டும் பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். போன் ஊமையாகத் தொங்கும். ஒரு கட்டத்தில் லிஃப்ட்டண்ணன் காலையில் கதவைத் திறக்கும்போதே, இன்றைக்காவது ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்காதா என்று பார்க்கத் தொடங்கினார். காவலுக்குப் போட்ட ஆளே திருடன் வரமாட்டானா என்று ஏங்கினால் எப்படியிருக்கும், அப்படி.

ஏக்கம் கைக்கு வந்தது ஒரு மந்தமான பிற்பகலில். நாலாவது டிஸ்க்கின் கொக்கியை அமுக்கி, அரை விரல் அளவுக்கு வெளியே இழுத்தார். விளக்கு அணைந்தது. டீ ஆறுவதற்குள் போன் அடித்தது. அவளும் அவருமாகப் பாடாதவனைத் தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். "லூஸா இருந்திருக்கும்மா, உள்ள தள்ளிட்டேன்" என்றார் அவர். பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளப் பொழுது சாயும்வரை ஆனது. அதுவரை அவள் எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று அவர் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததே ஒரு சுகமாக இருந்தது. "உங்களை மாதிரி ஆள் எல்லா சைட்லயும் இருந்தா எனக்கு வேலையே இருக்காதுண்ணா" என்று அவள் சொன்னபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அன்று அவர் வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனார் என்பதையும் மறைக்கக் கூடாது.

இனிமேல் செய்யக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரொம்ப நாள் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்தே நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் தாகம். எழுந்து போய்க் குடிக்கத் தெம்பில்லாமல் குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். நாலாம் நாள் சமாளித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். மூன்று நாள் வராததற்கு மேனேஜரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

மேனேஜர் நிமிர்ந்து, "சொல்லுங்கண்ணே" என்றார்.

"இல்ல சார், மூணு நாளா வரலை..."

"யாரு வரலை?"

காவலாளியோ, "நேத்துக்கூடப் பார்த்தேனே உங்களை, குல்லாயோட" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். அவர் மறுத்துப் பேசவில்லை. மாடியேறிப் போய்க் கதவைத் திறந்தார். எட்டும் பச்சை. மூன்று நாளாக இந்த அறையில் ஆளில்லை என்பது டிஸ்க்குகளுக்கும் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். குல்லாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகை என்று சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன், தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்று ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும். அக்காவுக்குப் போன் போட்டார். "ஏண்டா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே, என்ன விஷயம்?" என்று அவள் கேட்டதும், "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்" என்று வைத்துவிட்டார்.

வைத்த கை நேராக நாலாவது டிஸ்க்குக்குப் போனது. கொக்கியை அமுக்கினார், இழுத்தார். விளக்கு அணைந்தது. சுவர்ப் போனுக்குக் கீழே போய் நின்றுகொண்டார். எடுத்ததும் காய்ச்சலைச் சொல்லக் கூடாது, முதலில் டிஸ்க், அப்புறம் அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், அப்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடலாம்.

போன் அடிப்பதற்கு முன் வேறொன்று நடந்தது. ஏழாவது டிஸ்க்கின் பச்சை விளக்கு ஒரு தடவை இமைத்தது, பிறகு மஞ்சளாக மாறி அப்படியே நின்றது. அதை யாரும் தொடவில்லை. பழைய டிஸ்க். நாலாவது போனதும் அதன் பங்கு வேலையும் மற்றவற்றின் தலையில் விழுந்ததில், அது மூச்சை விட்டுவிட்டது. மற்ற விளக்குகள் எல்லாம் துடிப்பு நின்று அசையாமல் எரிந்தன.

லிஃப்ட்டண்ணனுக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு போனாத் தாங்காது. பாய்ந்து போய் நாலாவதை உள்ளே தள்ளினார். அதன் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது, ஆனால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. அப்போது போன் அடித்தது.

"அண்ணா, நான்தான். என்ன ஆச்சு அங்க? ரெண்டு டிஸ்க் விழுந்திருக்கு. ஒரு படமும் திறக்க மாட்டேங்குதுன்னு கீழேயிருந்தும் சொல்லிட்டாங்க." அவள் குரலில் எப்போதும் இருக்கும் விளையாட்டு இல்லை. "ஜி செத்துப்போச்சு. டி-யையும் காணோம். ஆனா புதுசா ஐ-ன்னு ஒண்ணு வந்து நிக்குது. நீங்க புது டிஸ்க் ஏதாவது போட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இது யாரு? இருங்க, பார்ட்டிஷன் நம்பரைப் பார்க்கிறேன்." விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "பழைய டி-தாண்ணா இது. போயிட்டுத் திரும்பி வந்திருக்கு, அதான் எழுத்து மாறியிருக்கு."

"வந்துடுச்சுல்ல, அதையே திரும்பச் சேர்த்துக்கலாம்ல?"

"எப்படிண்ணா சேர்க்கறது? தானா விழுந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. அதை நம்பி மத்ததோட சேர்த்து, பாதி வழியில மறுபடி விழுந்துச்சுன்னா இருக்கறதும் சேர்ந்து பாழாயிடும். பெட்டியை அப்படியே அணைச்சு, மீட்டுக் குடுக்கற ஆளுங்ககிட்ட அனுப்பணும். அதுதான் ரூல். எத்தனை வாரம் ஆகும்னு தெரியாது. திரும்பக் கிடைக்குமான்னும் தெரியாது."

கதவு திறந்தது. மேனேஜர் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார். "என்னண்ணே ஆச்சு? கீழ ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குப் போக ரெடியா உக்காந்திருக்காங்க. போன வருஷத்துப் படத்தோட ஒப்பிட்டுப் பார்க்காம கத்தி வெக்க மாட்டேன்னு அங்க இருக்கற டாக்டர் சொல்றார். பழசு ஒண்ணுகூட வரலை. சீக்கிரம் பாருங்க." கதவு சாத்திக்கொண்டது.

லிஃப்ட்டண்ணன் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"ஒருவேளை கை பட்டு வெளிய வந்திருந்தா, ம்மா?"

"கை பட்டா வராதுண்ணா. கொக்கியை அமுக்கி இழுத்தாத்தான் வரும். உங்களுக்குத் தெரியாததா?"

"சரி, யாரோ வேணும்னே இழுத்திருந்தா?"

"அப்படின்னா டிஸ்க் மேல குத்தம் இல்ல. தைரியமாச் சேர்க்கலாம், எல்லாப் படமும் வந்துடும். ஆனா யாரு இழுக்கப் போறா? அங்க நீங்கதானே இருக்கீங்க. நீங்க தொட்டிருந்தா எடுத்ததுமே சொல்லியிருப்பீங்களே."

அவள் சந்தேகப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டாவது சமாளித்திருக்கலாம். இந்த அழைப்பு பதிவாகிறது என்பதும் அவருக்குத் தெரியும். லூஸாக இருந்தது என்று பழைய பாட்டையே பாடலாம். ஆனால் லூஸான டிஸ்க்கும் தானாக விழுந்த டிஸ்க்தான், அவள் நம்ப மாட்டாள், பெட்டியை அணைத்துவிடுவாள். நல்ல டிஸ்க் எது என்று இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் அவர் பேச்சுக்குக் காத்திருக்கும் அந்த ஒரே ஆளும் போய்விடுவாள். கீழே முன்பின் தெரியாத ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாம்மா இழுத்தேன்."

அவளுடைய பக்கத்து மேஜைக்காரன் மூக்கை உறிஞ்சுவது தெளிவாகக் கேட்டது.

"எதுக்குண்ணா?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு."

"புரியலை."

"மூணு நாளாக் காய்ச்சல்ம்மா எனக்கு. வேலைக்கு வரலை. யாருக்கும் தெரியலை. யார்கிட்டயாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு."

"அந்தப் போன்ல எங்க நம்பர் எழுதியிருக்குமே. நீங்க கூப்பிட்டிருக்கலாமே."

"காரணம் இல்லாம எப்படிம்மா கூப்பிடறது?"

காரணமில்லாத அழைப்பை எடுத்துப் பேச அவளுக்கும் அங்கே அனுமதி கிடையாது. அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு லூஸா இருந்துச்சுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தாம்மா."

"சரி." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஐ-யைப் படிக்க வைக்கிறேன். எந்த லைட் துடிக்குதுன்னு சொல்லுங்க, சார்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அண்ணன் மறுபடி சாராகிவிட்டார். போனின் கம்பியை நீட்டிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"நாலாவது துடிக்குது."

"நீங்க கையால இழுத்தது அதுதானா? யோசிச்சுச் சொல்லுங்க. தப்பானதைச் சேர்த்துட்டா திருத்த முடியாது."

"நாலுதாம்மா. சத்தியமா நாலு."

அவள் சேர்த்தாள். விளக்குகள் மெல்ல மெல்ல உயிர் வந்து துடிக்கத் தொடங்கின. பிறகு எல்லோரையும் பாட வைத்தாள். ஏழாவது மட்டும் வாய் திறக்கவில்லை. அதைக் கொக்கியை அமுக்கி வெளியே எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, உடம்பில் ஒட்டியிருந்த நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அவள் தன் ஸ்கிரீனில் இருந்ததை வாசித்தாள். ஒத்துப்போனது. அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த புது டிஸ்க்கை அந்த இடத்தில் செருகினார்.

மேனேஜர் மறுபடி வந்தார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது. "வந்துடுச்சுண்ணே. அந்தம்மா படமும் வந்துடுச்சு. பெரிய காரியம் பண்ணீங்க." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் தோளில் தட்டியதில்லை. அந்தக் கை பட்ட இடம் சுட்டது.

"மேனேஜர் சொன்னதைக் கேட்டேன் சார்" என்றாள் லைன் பொண்ணு. "ஆனா நான் நடந்ததை எழுதணும். பதிவும் இருக்கு. எழுதாம விட முடியாது."

"எழுதுங்கம்மா. எழுதத்தான் வேணும்."

"அனேகமா அந்த ரூமுக்கு வேற ஆள் போடச் சொல்லுவாங்க."

"சரிம்மா."

"புது டிஸ்க் நிரம்பற வரைக்கும் லைனை வெக்காதீங்க. நடுவுல எந்த லைட்டாவது மஞ்சளாச்சுன்னா உடனே சொல்லணும். என் ஸ்கிரீனுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க கண்ணுக்குத் தெரியும்."

அப்படியாக அவர் ஆசைப்பட்ட அழைப்பு வந்து சேர்ந்தது. இவ்வளவு நீளமான அழைப்பு அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை. மதியம் போய், வெயில் சாய்ந்து, கீழே ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் புறப்படும் காலடிச் சத்தம் படியில் கேட்கும்வரை ரிசீவர் அவர் காதிலேயே இருந்தது. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் விசைகளைத் தட்டுவது கேட்டது. தண்ணீர் குடிப்பது கேட்டது. யாரோ அவளிடம் வந்து ஏதோ கேட்க, "இன்னும் முடியலை" என்று அவள் சொன்னது கேட்டது. அவருக்கு ஒரு தடவை இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அந்தப் பக்கம் விசைச் சத்தம் நின்றது. ஏதோ கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி தொடங்கியது. சொல்ல வேண்டியதெல்லாம் அவரிடம் அப்படியே இருந்தது. நெஞ்சுச் சளி, தண்ணீர்த் தாகம், சொட்டின குழாய், இருமிக் கிடந்த மூன்று ராத்திரி. எதையும் அவர் சொல்லவில்லை. விளக்குகளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்றுகூட மஞ்சளாகக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டார்.

எதுவும் மஞ்சளாகவில்லை.

"முடிஞ்சிடுச்சு சார்" என்றாள் அவள். குரல் களைத்திருந்தது. "எல்லாம் சேர்ந்துடுச்சு."

"சரிம்மா. அப்ப வெச்சிடட்டுமா?"

எட்டும் நல்லபடியாக இருப்பது அவளுடைய ஸ்கிரீனில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"இருங்க. லைட் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. மொத்தமா வேண்டாம். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

லிஃப்ட்டண்ணன் எழுந்து அலமாரி முன்னால் போய் நின்றார். குல்லாயைக் கழற்றிவிட்டு, ரிசீவரைக் காதில் நன்றாகப் பொருத்திக்கொண்டார்.

"முதல் டிஸ்க் பச்சை" என்றார்.

"ம்."

"ரெண்டாவதும் பச்சைதாம்மா. கொஞ்சம் மங்கலாத் தெரியும், அது எப்பவுமே அப்படித்தான்."

"ம். சொல்லுங்க."

மூன்றாவதைச் சொன்னார். நாலாவதைச் சொல்லும்போது குரல் சற்றுத் தடுமாறியது, அவள் காத்திருந்தாள். ஐந்தைச் சொன்னார். ஆறைச் சொல்லுமுன் அதன் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப்பார்த்துவிட்டு, அதையும் சொன்னார். ஏழு புதுசு, பளிச்சென்று எரிகிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" கொட்டினாள். எட்டாவதுக்கு வந்தபோது அவர் நிறுத்தி, அந்த விளக்கை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதுவும் பச்சைதான் என்றார். எட்டுக்கு மேல் அந்தப் பெட்டியில் டிஸ்க் இல்லை.